பாறை ஓடையில் ஒரு புதிய நீர்ப்பூந்தாவரத்தை விவரித்து வெளியிடும் முறை

பாலக்காட்டிலிருந்து நெல்லியாம்பதிக்கோ அட்டப்பாடிக்கோ பறம்பிக்குளத்துக்கோ மலையேறும் எவரும், ஓடையில் நீர் வேகமாக விழும் பாறைகளின் மேல் கரும்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ ஏதோ ஒட்டிக்கிடப்பதைக் கண்டிருப்பார்கள். குளிக்க வருபவர்கள் அதைப் பாசி என்று எண்ணி, கால் வழுக்காமல் சுற்றிப் போய்விடுவார்கள். உண்மையில் அதன் ஒரு பகுதி, பூத்துக் காய்த்து விதை விடும் பூந்தாவரமாகும். போடோஸ்டெமேசி என்னும் அந்தக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 50 பேரினங்களும் 300 சிற்றினங்களும் அறியப்பட்டுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகள் அதற்கு வளமான உறைவிடம். ஓர் ஓடையில் மட்டுமே வாழும் சிற்றினங்களும் இக்குடும்பத்தில் உண்டு என்பதால், இதுவரை யாரும் விவரிக்காத ஒன்று கேரள-தமிழ்நாட்டு எல்லையோர மாணவர் ஒருவரின் கையில் அகப்படுவது அரிதான செய்தி அன்று. அகப்பட்டதை முறைப்படி விவரித்து வெளியிடுவது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தத் தாவரத்தின் ஆண்டுச் சுழற்சியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிற்பாடு செய்யும் ஒவ்வொரு வேலையும் அதைச் சார்ந்தே அமைகிறது. மழைக்காலம் முழுவதும் இது நீருக்குள் மூழ்கி வளரும். வேர் மண்ணைத் தேடிக் கீழே போவதில்லை. நூலாகவோ நாடாவாகவோ தோல்போன்ற தகடாகவோ பாறைமேல் படர்ந்து, ஒளிச்சேர்க்கையையும் தானே செய்கிறது. பாறைமேல் நீலப்பசும்பாக்டீரியாக்கள் முதலியவை அமைக்கும் பிசுபிசுப்பான நுண்ணுயிர்ப் படலம் அதற்குப் பிடிப்பைத் தருகிறது. நீர்மட்டம் இறங்கிப் பாறை வெளிப்படத் தொடங்கியதும் மொட்டுகள் விரிகின்றன. சில நாட்களில் பூ காயாகிறது. தாவரம் வெயிலில் காய்ந்து மடிகிறது. தூசி போன்ற விதைகள் பாறையிலேயே கிடந்து, அடுத்த மழையில் நனைந்ததும் மேலுறை கூழாகி ஒட்டிக்கொள்ள, மீண்டும் முளைக்கின்றன.

அனுமதியும் பருவமும்

வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஓர் இலையையும் எடுக்கலாகாது. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும் என்பதால், விண்ணப்பம் தலைமை வனவுயிரினக் காப்பாளர்வரை செல்லும். அதற்குத் தேவையான மாதங்களைக் கணக்கிட்டு, கோடையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. எல்லையோரத்தில் வேலை செய்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சின்னாறு சிறிது தூரம் இரு மாநிலங்களுக்கும் எல்லையாகவே ஓடுகிறது. ஒரு கரையில் கேரள வனத்துறை, மறு கரையில் தமிழ்நாட்டு வனத்துறை. ஓடையின் நடுப்பாறையில் நின்றுகொண்டு இது எந்த மாநிலம் என்று வாதிடுவதைவிட, இரு இடங்களிலும் அனுமதி பெற்றுவிடுவதே அறிவுடைமை. பின்னாளில் கட்டுரையைப் பரிசீலிப்பவர்கள் அனுமதி எண்ணைக் கேட்பதும் உண்டு.

எப்போது போவது என்பதில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. நூல்களில் நவம்பர் முதல் பிப்ரவரிவரை பூக்கும் என்று எழுதியிருப்பதைக் கண்டு, எல்லா ஓடைக்கும் ஒரே தேதியைக் குறித்துக்கொள்கிறார்கள். கேரளத்தின் 44 ஆறுகளில் கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டும் கிழக்கே ஓடுகின்றன. மேற்கே ஓடும் ஓடைகள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையால் நிரம்புபவை. மறையூர், சின்னாறு போன்ற மழைமறைவுப் பகுதியின் ஓடைகளோ வடகிழக்குப் பருவமழையில் மீண்டும் பெருகும். ஆகவே ஒன்றில் பாறை வெளிப்பட்டுப் பூத்து முடிந்த வேளையில், மற்றொன்றில் மொட்டு இன்னும் நீருக்கடியில் இருக்கக்கூடும். நாட்காட்டியைவிட நீர்மட்டத்தை நம்ப வேண்டும், அந்தப் பக்கத்து வனக் காவலரிடமோ ஊர்க்காரர் ஒருவரிடமோ, “அந்தப் பாறை தலை காட்டிவிட்டதா அண்ணா?” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுவது எந்த அட்டவணையையும்விடப் பயன் தரும். மேலே அணை இருந்தால் நீர் திறக்கும் நேரத்தையும் கேட்டறிய வேண்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையுச்சியில் பெய்த மழை ஓடையை நிமிடங்களில் பெருக்கிவிடும். நீர் திடீரெனக் கலங்கி, சருகு அடித்து வரத் தொடங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கரையேற வேண்டும்.

ஓடையில் சேகரிப்பது

சரியான நாளில் போய்ச் சேர்ந்தால், ஒரே பாறை ஆண்டு முழுவதையும் அடுக்கிக் காட்டும். பாறையின் மேல்விளிம்பு முதலில் வெளிப்பட்டதால் அங்கே காய்ந்த காம்புகளின் நுனியில் பழுப்பு நிறக் காய்கள் நிற்கும். அதற்கு ஒரு சாண் கீழே பூக்கள். நீர் வந்து நக்கும் வரியில் உறை பிரியாத மொட்டுகள். நீருக்குள் வெறும் வேரும் இலைகளும். இந்த நான்கு நிலைகளையும் ஒரே வேளையில் எடுத்துவிடுவது வசதிக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. பன்னாட்டுத் தாவரப் பெயர்சூட்டு விதிகளின்படி ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கு என்றென்றும் ஆதாரமாக நிற்கும் மாதிரி, ஒரே சேகரிப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நவம்பரில் எடுத்த பூவையும் ஜனவரியில் எடுத்த காயையும் ஒரே தாளில் ஒட்டி ஹோலோடைப் என்று குறித்தால், அந்தப் பெயர் முறையாக வெளியிடப்பட்டதாகக் கருதப்படாது.

கத்தியால் சுரண்டினால் வேர் நைந்துவிடும். வேர் இல்லாத மாதிரியை வைத்துக்கொண்டு பேரினத்தைக்கூட உறுதி செய்ய முடியாது. சிறிய உளியும் சுத்தியும் கொண்டு, தாவரம் ஒட்டியிருக்கும் பாறைச் செதிலையே பெயர்த்தெடுப்பது சிறந்த வழி. பெயராத கருங்கல்லாக இருந்தால், மெல்லிய தகட்டுக் கத்தியைப் பாறையோடு படுக்கவைத்து, வேரின் ஓரத்திலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். எடுப்பதற்கு முன்னரே அளவுகோலோடு சேர்த்து, நீருக்குள் இருக்கும் நிலையிலும் வெளிப்பட்ட நிலையிலும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நிறமும் படர்ந்த விதமும் புட்டிக்குள் போனதும் மறைந்துவிடும்.

ஒரே திட்டில் இரண்டு மூன்று சிற்றினங்கள் பின்னிக்கிடப்பது இக்குடும்பத்தில் சர்வசாதாரணம். தகடாகப் படர்ந்த ஒன்றின் மேல் நூல்போன்ற மற்றொன்று ஓடியிருக்கும். இரண்டின் பூக்களும் ஒரே உயரத்தில் நிற்கும். ஆகவே கரையிலேயே உட்கார்ந்து, வெள்ளைத் தட்டில் நீரூற்றி, கைலென்ஸால் பார்த்து, ஒவ்வொரு பூக்காம்பும் எந்த வேரிலிருந்து எழுகிறது என்று தொடர்ந்து போய் உறுதி செய்த பிறகே புட்டியில் இட வேண்டும். இங்கே செலவிடும் ஒரு மணி நேரம், ஒரு தாவரத்தின் பூவையும் இன்னொன்றின் வேரையும் சேர்த்து இல்லாத ஒரு சிற்றினத்தை உருவாக்கிவிடும் ஆபத்திலிருந்து காப்பாற்றும்.

மாதிரியை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு, 70 சதவீத ஆல்கஹால் 90 பங்குக்குப் பார்மலின் 5 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 5 பங்கு என்ற விகிதத்தில் கலந்த கரைசலில் போக வேண்டும். பூவின் உள்ளமைப்பு அதில்தான் சிதையாமல் நிற்கும். இரண்டாம் பங்கைச் சிலிகா ஜெல்லில் விரைவாக உலர்த்தி மரபணு ஆய்வுக்கு வைக்க வேண்டும். பார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும் என்பதால் புட்டியில் இட்டதைப் பின்னால் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணக்கூடாது. மூன்றாம் பங்கு வழக்கம்போல் அழுத்தி உலர்த்துவதற்கு. புட்டிக்குள் இடும் சீட்டைப் பென்சிலால் தடித்த தாளில் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து, மாதம் ஒன்று போனதும் வெற்றுத் தாளே மிஞ்சும். களக் குறிப்பில் இடம், உயரம், தேதி, சேகரிப்பு எண் ஆகியவற்றோடு நீரின் வேகம், ஆழம், பாறையின் தன்மை, நிழலா வெயிலா என்பதையும் எழுதியாக வேண்டும். திட்டு முழுவதையும் பெயர்த்தெடுக்காமல் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவர வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

நுண்ணோக்கியின் கீழ்

மேசையில் முதல் கேள்வி, இது எந்தத் துணைக்குடும்பம் என்பது. பூவிதழ் மூன்று, சூலக அறை மூன்று, சூல்முடி மூன்று என்று இருந்து, மொட்டைச் சூழ்ந்த பையுறை இல்லையென்றால், அது டிரிஸ்டிக்காய்டி; நம் பக்கத்தில் டால்செல்லியா, இண்டோடிரிஸ்டிக்கா, இண்டோடால்செல்லியா ஆகியவை அதில் அடங்கும். இளமொட்டு ஸ்பாதெல்லா என்னும் மெல்லிய மூடிய பைக்குள் இருந்தால், அது போடோஸ்டெமாய்டி. இந்த இரண்டாம் தொகுதியில்தான் கண்ணுக்கும் பொறுமைக்கும் உண்மையான சோதனை வருகிறது.

அங்கே பார்க்க வேண்டியவை பல: வேர் நூலா, நாடாவா, தகடா, ஸ்பாதெல்லா நுனியில் கிழிகிறதா, ஒரு பக்கமாகப் பிளக்கிறதா, மகரந்தத்தாள் ஒன்றா, ஒரே காம்பில் கவையாகப் பிரிந்த இரண்டா, சூல்முடிகளின் வடிவம், காயின் மேல் வரிகள் உண்டா, எத்தனை, காய் வெடிக்கும்போது இரு ஓடுகளும் சமமா, ஒன்று பெரிதாகி மற்றது உதிர்ந்துவிடுகிறதா, ஒரு காயில் எத்தனை விதை. பாலிப்ளூரம் என்னும் பேரினத்தில் ஓடுகள் சமமாக இருக்கும். செய்லானிடியத்தில் அவை சமமற்று, சிறியது உதிர்ந்து பெரியது காம்பிலேயே நிற்கும். கிளாடோபஸ்ஸின் காய் வரியின்றி வழவழப்பாக இருக்கும். முற்றாத காயை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் முடிவு செய்ய முடியாது. காய்ந்த காய் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஊசியால் நீள்வாக்கில் திறந்து, ஒரு துளி நீர் விட்டால், கடுகினும் மிகச் சிறிய விதைகளைச் சுற்றி ஒளி ஊடுருவும் கூழ்வளையம் விரிவதைக் காணலாம். எண்ணுவதானால் அந்தத் துளியை விடுவதற்கு முன்னரே எண்ணிவிட வேண்டும், பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வோர் உறுப்பையும் குறைந்தது இருபது முப்பது தனித்தனித் தாவரங்களில் அளந்து, சிறியதிலிருந்து பெரியதுவரை வீச்சாக எழுத வேண்டும். ஒரு பூவை அளந்துவிட்டு “2 மில்லிமீட்டர்” என்று எழுதுவது விவரிப்பாகாது.

இந்தக் குடும்பத்தில் புதியது என்று அறிவிப்பதற்கு முன், நீர் செய்த வேலை எது, தாவரத்தின் இயல்பு எது என்று பிரித்தறிவதே பெரும்பாடு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். வேகமான நீரில் நாடா குறுகி நீளும். தேங்கிய விளிம்பில் அகலும். நிழலில் இலை நீண்டு தொங்கும். தாழ்ந்த நீரில் முழுத் தாவரமும் குறுகி வேறொன்றுபோல் தோன்றும். கிரிஃபிதெல்லா ஹூக்கெரியானாவின் வேர் ஓரிடத்தில் கிண்ணமாகவும் மற்றோரிடத்தில் நாடாவாகவும் நிற்பதைக் காண்பவர், அவை ஒரே சிற்றினம் என்று எளிதில் நம்பமாட்டார். ஆகையால், ஐயத்துக்குரிய தாவரத்தை ஒரே ஓடையின் வேகப் பகுதி, மெதுவான பகுதி, நிழல், வெயில் என்று பல இடங்களில் எடுத்து, அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எங்கும் மாறாமல் நிற்கும் பண்புகள் மட்டுமே சான்றாகும். அவை பெரும்பாலும் பூவிலும் காயிலும்தான் கிடைக்கும். இலையின் நீளத்தையும் வேரின் அகலத்தையும் மட்டும் காட்டிப் புதிய சிற்றினம் என்று எழுதப்படும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். அடுத்த பருவத்திலும் அதே பாறைக்குப் போய், பண்புகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. இந்தத் தாவரங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்பதால் இதற்கு ஓராண்டு கூடுதலாகும், ஆனால் அந்த ஓராண்டுக்கு மாற்று எதுவும் இல்லை.

பழைய பெயர்களோடு ஒத்துப் பார்ப்பது

நமக்குப் புதிதாகத் தோன்றுவது நூறாண்டுக்கு முன்பே பெயர் பெற்றிருக்கலாம். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தென்னிந்தியத் தாவரங்களின் பெரும் படத்தொகுதிகளை வெளியிட்டார். ரங்கையா, கோவிந்து என்னும் இரு ஓவியர்கள் அவருக்காக வரைந்தனர். இண்டோடிரிஸ்டிக்கா ராமோசிஸ்ஸிமாவும் செய்லானிடியம் ஜான்சோனியும் வைட் வழி வந்த பெயர்களே. இலங்கையில் பேராதனைத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஜே. சி. வில்லிஸ், இலங்கை, இந்தியா ஆகியவற்றின் போடோஸ்டெமேசி பற்றி 1902இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் முதலில் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆனைமலைப் பகுதியோடு தொடர்புடைய வில்லிசியா செலாஜினாய்டிஸ் அவர் பெயரைத் தாங்கிய பேரினத்தில் நிற்கிறது. அந்தப் பேரினத்தில் வில்லிசியா அரெகாலியானா என்ற மற்றொன்று கர்நாடகத்திலிருந்து வந்து சேர்ந்தது 1997இல்தான்.

ஆகவே நெருங்கிய சிற்றினங்களின் மூல விவரிப்புகள் அனைத்தையும் படித்து, கூடுமானால் அவற்றின் டைப் மாதிரிகளையும், அதாவது அந்தப் பெயர்களுக்கு ஆதாரமான மாதிரிகளையும் பார்க்க வேண்டும். பழைய நூல்கள் பெரும்பாலும் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் மாதிரிகள் பலவற்றின் உருப்படங்களும் இணையத்தில் உள்ளன. ஆனால் நூறாண்டுக் காலம் உலர்ந்த ஒரு துண்டின் படத்திலிருந்து மகரந்தத்தாளின் கவையைக் காண முடியாது. நம் பக்கத்தவர்களுக்கு வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது: கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையின் தென்மண்டல மையத்தில் உள்ள மதராஸ் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகம், பாலோட்டின் ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டம், கோழிக்கோடு பல்கலைக்கழகம், பீச்சியின் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய இடங்களில் முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு போய், மாதிரிகளை நேரில் பார்க்கலாம். அங்கே பெயர் எழுதப்படாமல் உறைகளில் கிடக்கும் பழைய சேகரிப்புகளையும் புரட்ட வேண்டும். நம்முடைய தாவரத்தை வேறொருவர் முன்னமே எடுத்து வைத்திருப்பது புதுமையன்று, அந்த மாதிரியும் சான்றாகச் சேரும்.

மரபணுச் சான்றைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். இக்குடும்பத்தில் மேட்கே மரபணுவின் வரிசைகள் பல சிற்றினங்களுக்கு ஜென்பாங்க் என்னும் இணையத் தரவுத்தளத்தில் உள்ளன. ஐடிஎஸ் என்னும் டிஎன்ஏ பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். அது நம்முடைய தாவரம் எந்தக் கிளையில் நிற்கிறது என்று காட்டும். ஆனால் விதிகள் அதைக் கட்டாயமாக்கவில்லை, உருவச் சான்று இல்லாத இடத்தை அது நிரப்பவும் செய்யாது.

எழுதுவதும் பெயரிடுவதும்

புதியது என்ற முடிவு உறுதியானால், எழுத வேண்டியவற்றில் முதன்மையானது வேறுபாட்டுக் குறிப்பு. எடுத்துக்காட்டாக, “இது பாலிப்ளூரம் ஸ்டைலோசத்தை ஒத்தது, ஆனால் வேர் நாடாவாக இல்லாமல் நூலாக இருப்பதாலும், மகரந்தத்தாள் இரண்டாக இல்லாமல் ஒன்றாக இருப்பதாலும் வேறுபடுகிறது” என்ற வகையில், இரு பக்கத்துப் பண்பையும் எதிரெதிராக வைத்து ஓரிரு வாக்கியங்களில் சொல்ல வேண்டும். அதன் பின் வேரிலிருந்து விதைவரை வரிசையாக முழு விவரிப்பு. 2012 ஜனவரி 1 முதல் வேறுபாட்டுக் குறிப்போ விவரிப்போ இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். அதற்கு முன், 1935 முதல், இலத்தீன் கட்டாயமாக இருந்தது. தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது என்பது நமக்கு வருத்தமானதே என்றாலும், அதே கட்டுரையில் தமிழ் விவரிப்பையும் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஓடையோரத்துக் காவலர்களும் மாணவர்களும் படிப்பதற்கு அது உதவும். கோட்டுப்படம் அவசியம் என்று நான் கருதுகிறேன்; ஒளிப்படத்தில் ஈரமும் நிழலும் மறைத்துவிடும் இணைப்புகளை ஒரு நல்ல கோட்டுப்படம் தெளிவாகக் காட்டும்.

பெயரின் பின்பகுதி பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ஊர்ப்பெயரிலிருந்து அமைப்பதானால், டால்செல்லியா பெண்பால் என்பதால் “என்சிஸ்” என்றும், பாலிப்ளூரம், செய்லானிடியம் ஆகியவை அலிப்பால் என்பதால் “என்ஸே” என்றும் முடியும். இண்டோடிரிஸ்டிக்கா திருநெல்வேலியானா என்ற பெயர், நம் ஊர்ப்பெயர் இலத்தீன் உருவில் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு நல்ல சான்று. அதே பேரினத்தில் அதே பெயர் முன்பே இருக்கிறதா என்று பன்னாட்டுத் தாவரப் பெயர்ச் சுட்டியில் தேடிப் பார்த்துவிட வேண்டும். தன் பெயரையே சூட்டிக்கொள்ளக் கூடாது என்று விதி இல்லை. ஆனால் யாரும் செய்வதில்லை.

ஹோலோடைப் எந்த ஹெர்பேரியத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதை, சேகரிப்பாளர், எண், தேதி ஆகியவற்றோடு கட்டுரையில் தெளிவாகக் குறிக்க வேண்டும். 1990 முதல் “ஹோலோடைப்” அல்லது “டைப்” என்ற சொல்லே அங்கே இடம்பெற வேண்டும் என்பது விதி. அதே சேகரிப்பின் மற்றப் பங்குகளை ஐசோடைப்களாக வேறு ஹெர்பேரியங்களுக்குப் பிரித்தனுப்புவது பாதுகாப்பானது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவும், புதிய இனத்தைக் கண்டவர் அதை அறிவிக்கப்பட்ட காப்பகம் ஒன்றுக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அயல்நாட்டு ஹெர்பேரியத்துக்கு ஒரு பங்கை அனுப்ப விரும்பினால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையை முதலில் அறிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

வெளியிடும் இதழ் அச்சிலோ, ஐஎஸ்எஸ்என் என்னும் பன்னாட்டு இதழ் எண்ணோடு பிடிஎஃப் வடிவில் இணையத்திலோ வருவதாக இருக்க வேண்டும். கோழிக்கோட்டை மையமாகக் கொண்ட ரீடியா, தாவரவியல் அளவீட்டுத் துறையின் நெலும்போ ஆகியவை நம் பகுதிக் கட்டுரைகளுக்கு ஏற்றவை. மாநாட்டுச் சுவரொட்டியிலோ நாளிதழ்ச் செய்தியிலோ முகநூலிலோ பெயரை முன்கூட்டியே வெளியிட வேண்டாம். அது செல்லாது என்பதோடு, குழப்பத்தையும் உண்டாக்கும்.

கட்டுரையின் இறுதியில் பாதுகாப்பு நிலையை மதிப்பிட வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் முறையில், தாவரம் கண்ட இடங்களை 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களில் எண்ணுவார்கள்; ஒரே ஓடையின் ஒரே அருவியில் மட்டும் கிடைத்தால் அதன் பரப்பு 4 சதுர கிலோமீட்டர் என்றாகும். அது 10 சதுர கிலோமீட்டருக்குக் குறைவு என்பதாலேயே மிகவும் அருகிவரும் இனம் என்று எழுதிவிடக் கூடாது. இடம் ஒன்றே ஒன்றாக இருத்தல் அல்லது கூட்டங்கள் கடுமையாகச் சிதறிக்கிடத்தல், தொடர்ந்து குறைந்துவருதல், அளவுகடந்த ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டையாவது காட்ட வேண்டும். பாறை வெளிப்பட வேண்டிய பருவத்தில் மேலணையிலிருந்து நீர் திறக்கப்பட்டால், விரிந்த பூக்கள் காயாகுமுன் மூழ்கிவிடும். மூழ்கியிருக்க வேண்டிய மாதங்களில் நீர் நிறுத்தப்பட்டால், மொட்டு முதிருமுன் தாவரம் காய்ந்துவிடும். ஆகவே அணை உள்ள ஓடையாக இருந்தால், பாசனத்துறையிடமோ மின்வாரியத்திடமோ விண்ணப்பித்து நீர் திறப்புப் பதிவேட்டின் நகலைப் பெற்று, பூக்கும் வாரங்களோடு அந்தத் தேதிகளை ஒப்பிட்டுக் காட்டினால், மதிப்பீடு ஏற்கப்படும். அந்த விவரம் எதுவும் கைக்கு வரவில்லையென்றால் “போதிய தரவு இல்லை” என்ற வகையிலேயே இப்போதைக்கு வைத்துவிட்டு, அடுத்தடுத்த பருவங்களில் திட்டுகளை அளந்து, கட்டுரை வந்த பிறகு மதிப்பீட்டைத் தனியே அனுப்பலாம்.